மிக்கேலம்மாள் நம்பாத கப்பல்

மிக்கேலம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். இடது கையில் பழம், வலது கையில் சின்ன இரும்புத் தடி. ஒரு தட்டு, கொட்டை தனியே தெறிக்கும். புருஷன் போன பிறகு பாப்பாரப்பட்டி மண்டிக்குப் புளி தட்டித்தான் மகள் ராஜமேரியைப் பத்தாவது வரை படிக்க வைத்தாள். யாரையும் சுலபத்தில் நம்பமாட்டாள். நான் ஆஸ்பத்திரி நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள், பக்கத்து வீடு. நான் கொடுக்கும் மாத்திரையைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் விழுங்குவாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் இண்டூர் செபாஸ்டின். ராஜமேரியைப் பெண் கேட்டு வந்திருந்தான். அரபுப் பணக்காரர் ஒருவரின் உல்லாசக் கப்பலில் மானேஜர் என்றான். போட்டோக்களைப் பரப்பினான். வெள்ளை வெளேரென்று மூன்று மாடி. உச்சியில் ஹெலிகாப்டர். குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய்கள். நடுவில் நீச்சல் குளம்.

“சுத்தியும் கடலு. அதுக்குள்ள எதுக்குப்பா குளம்?”

“கடல்ல உப்புங்க அத்தை. இது நல்ல தண்ணி. கப்பல் தளம் கழுவறதும் நல்ல தண்ணிதானுங்க.”

தடி நின்றது. எங்கள் தெருவில் ஒரு குடம் தண்ணீருக்கு விடியுமுன்னே வரிசை.

“நல்ல தண்ணியில தரை கழுவறவன் சோறு உனக்குச் செரிக்குதா?”

எனக்கும் அந்தக் கப்பல் பிடிக்கவில்லை. அத்தனை குளியலறை இருந்தால் அத்தனையையும் யாரோ கழுவ வேண்டும். படத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தான். அடுத்த வாரம் கப்பல் பம்பாயிலிருந்து கிளம்புகிறதாம். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை படிக்க நேரமில்லை, சாமியாரிடம் பேசி ஒரே ஞாயிற்றில் முடித்துவிடலாமாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பதுதான் ஓலை. அதைக் குறைக்கச் சொல்பவனுக்கு வேறெங்கோ பெண்டாட்டி இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. மிக்கேலம்மாள் முகத்திலும் அதுவே எழுதியிருந்தது.

பேச்சுவாக்கில் அவன், தண்ணீர் குடித்த பித்தளைச் சொம்பைப் புளிக்கோதால் தேய்க்க ஆரம்பித்திருந்தான். தேய்த்து, அலசி, துண்டால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது மானேஜர் கையா?” என்றாள் மிக்கேலம்மாள்.

சொம்பைக் கீழே வைத்தான். “குழாய் தொடைக்கிற வேலைங்க. அந்தத் தங்கக் குழாயெல்லாம் நாந்தான்.”

உள்ளிருந்து ராஜமேரி குரல் வந்தது. “படுக்கறது எங்க? நீச்சல் குளத்துலயா?”

“போட்டோல தெரியாதுங்க. தண்ணி மட்டத்துக்குக் கீழ. நாலு பேருக்கு ஒரு ரூமு, சன்னல் இல்ல.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்றாள் மிக்கேலம்மாள்.

“குழாய் தொடைக்கிறவனுக்குப் பொண்ணு குடுப்பீங்களா அத்தை?”

“தொடைக்கிறவனுக்குக் குடுப்பேன். புளுகறவனுக்குத்தான் யோசிக்கணும். மூணு வாரமும் ஓலை படிக்கட்டும். கப்பல் போனா போவட்டும். அது முடியாதுன்னா நீயும் அதோடயே போயிடு.”

அவன் போட்டோக்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். ராஜமேரி அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மிக்கேலம்மாளோடு நானும் பூசைக்குப் போனேன். செபாஸ்டின் கோயில் வாசலில் நின்றிருந்தான். சாமியாரிடம் அவனே சொன்னான்: “மூணு வாரமும் படிங்க சாமி. கப்பலுக்குப் போகல.”

மிக்கேலம்மாள் பெயர்களைக் கொடுத்தாள். திரும்பும் வழியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இண்டூர் கோயில்லயும் படிக்கச் சொல்லியிருக்கேன் நர்சம்மா. பம்பாயில படிக்க வழியிருக்குங்களா?”