பெட்டி அடியிலிருந்து ஒரு தட்டு

ஷேர் ஏஜென்ட் வேலையில் லாபம் வந்தால் அது வாங்கினவருடைய கெட்டிக்காரத்தனம், நஷ்டம் வந்தால் நம்முடைய துரோகம். எண்பதுகளில் சித்தூரில் இதைச் செய்த எனக்குத் தெரியும். இதில் அடிபட்ட உங்களுக்கும் தெரியும்.

நோட்டீஸ்

நான் பல பேர் தலையில் கட்டியிருந்தது ஒரு ரேடியோ கம்பெனி ஷேர். அந்தக் கம்பெனி, திருப்பதிப் பக்கம் சில்லு செய்கிற ஃபேக்டரி ஒன்றை வாங்கப் போவதாக நோட்டீஸ் வந்தது. சில்லு என்றால் நகக்கண் அளவு. ரேடியோவுக்கும் கால்குலேட்டருக்கும் உள்ளே அதுதான் மூளை. விலையோ, கம்பெனி கையிலிருந்த மொத்தப் பணம்.

முதலில் ஓடிவந்தவர் ஞானமணி அக்கா. மிஷன் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற நர்ஸாக இருந்து ரிடையரானவர். முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிவிட்டு, சொந்த வீடு கட்ட வைத்திருந்த பணம் முழுக்க இந்த ஷேரில் போட்டிருந்தார். நான் நோட்டீஸை விளக்க ஆரம்பித்ததும் கையைத் தூக்கினார். "அதெல்லாம் வுடு தம்பி. என் வீடு எழும்புமா எழும்பாதா, அத்த சொல்லு."

நாலு ஏக்கர்

கோர்ட் குமாஸ்தா கோவிந்தராஜுவும் நம்ம கஸ்டமர்தான். பஸ் பிடித்துப் போய், ஃபேக்டரி காம்பவுண்டைச் சுற்றிக் காலாலேயே அளந்துவிட்டு வந்தார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சில்லு கெடக்குது சார். ரேணிகுண்டா ரோடு மேல நாலு ஏக்கரா! மஞ்சி பேரம், நல்ல பேரம்!"

சில்லுக்குள் ஒரு ஊர்

ஷேர்தாரர்கள் வந்து பார்க்கலாம் என்றார்கள். அக்காவையும், ராமகுப்பத்தில் பட்டுக்கூடு வாங்கி நூல் எடுக்கிற முனிரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றி, வெள்ளைக் கோட்டு மாட்டி, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்கள்.

அடேயப்பா! நகக்கண் அளவுக்குள் தெருத் தெருவாக ஒரு ஊர். திருமலைக்குப் படியேறும்போது வழியில் காளிகோபுரத்தில் நின்று கீழே திருப்பதியைப் பார்ப்போமே, அப்படி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவும் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். "முப்பது வருசமா இதுல ரத்தம் பாத்துகினு இருந்த கண்ணு தம்பி. ரத்தம் கர்த்தர் செஞ்சது. இத்த செஞ்சவன் எவன்?"

அடித்தட்டு

முனிரத்தினமும் பார்த்தார், "ஆஹா" என்றார். ஆனால் பட்டுக்கூடு மார்க்கெட்டில் கூடையின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்க்காமல் அவர் எதையும் வாங்கினதில்லை. ஒரு வட்டத் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை மொத்தமாகச் செய்து, தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி வைப்பார்களாம். அங்கிருந்த இன்ஜினியர் பெண்ணிடம், "மேல இருக்கறது வாணாம்மா. பெட்டி அடியிலேர்ந்து ஒரு தட்டு எடு" என்றார்.

அவள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் ஃபேனைப் பார்த்தார். எடுத்துக் கொடுத்தாள். தட்டு முழுக்கக் கறுப்புப் புள்ளி!

"தேறாத சில்லுக்கு மை வைப்போங்க" என்றாள். "நூத்துக்கு இருபது தேறினா அன்னிக்கு நல்ல நாள்." மேனேஜர் எதிரிலேயே உண்மையைச் சொன்ன அந்தப் பெண்ணை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். முனிரத்தினம் தட்டைப் பதமாகத் திருப்பிக் கொடுத்தார். "நூத்துக்கு இருவது தேறுற பட்டுக்கூட்ட சும்மா குடுத்தாகூட நான் தூக்கமாட்டேன். கூட்ட அவிக்க வெந்நி வெக்கற வெறகுக்கே கட்டாது."

பச்சைக் கதவு

அந்த வாரமே அக்காவும் முனிரத்தினமும் தங்கள் ஷேரை என் மூலமாக விற்றார்கள். வாங்கியவர் கோவிந்தராஜு. பார்த்ததை எல்லாம் அக்காவே அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். கம்பெனி சொன்னபடியே ஃபேக்டரியை வாங்கியது. இரண்டு வருஷத்தில் அதற்குப் பூட்டு விழுந்தது, ஷேரைச் சீந்துவாரில்லை. நாலு ஏக்கரும் குத்தகை நிலம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா வீடு எழும்பிவிட்டது, பச்சைக் கதவு போட்டு. வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். கேசரித் தட்டை நீட்டியவர், என் முகத்தையே பார்த்தபடி கேட்டார்: "எங்க ரெண்டு பேருதும் வித்துக் குடுத்தியே, உன்னுத வித்தியா தம்பி?"

ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன நான், சில்லுக்குள் பார்த்த அந்த ஊரை விட்டு வர மனசில்லாமல், என் ஷேரை இன்னும் பீரோவில்தான் வைத்திருக்கிறேன்.