பாலியஸ்டர் பனியன்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்காதவர்களுக்கும் விதிகளைச் சொல்லும் வழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

காலையில் நான் சைக்கிள் ஓட்டும்போது, அதே ஆலையின் உலைப் பிரிவுக்குச் சைக்கிளில் போகும் தேவராஜ் சேர்ந்துகொள்வார். மார்கழிப் பனியில், வியர்வையில் நனைந்த பருத்திப் பனியனோடு இருமிக்கொண்டே மிதிப்பார்.

“பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயிலுக்கு வலைப் பனியன், பனிக்கு முழுக்கை, எதுவானாலும் பாலியஸ்டர்தான்” என்று பாடம் நடத்தி, என்னிடமிருந்த புதிய முழுக்கைப் பனியனையும் கொடுத்தேன்.

“இருமல் நின்னுட்ச்சி சார், சோக்கா கீது” என்றார் இரண்டு நாள் கழித்து.

அடுத்த வாரம் உலையிலிருந்து தெறித்த நெருப்புத் துளி அவர் சட்டையைத் துளைத்தது. உள்ளே இருந்த பாலியஸ்டர் உருகித் தோளோடு ஒட்டிக்கொண்டது. உலையருகே பருத்தி ஆடை மட்டுமே என்ற விதியை எழுதியவனே நான். சாலையின் குளிரை யோசித்தேன். அந்தச் சாலை போய்ச் சேரும் இடத்தை யோசிக்கவில்லை.

மருத்துவமனையில் தேவராஜ் சிரித்தார். “உங்க பனியன் என்னை உடமாட்டேங்குது சார். யாரு குடுத்தான்னு கேட்டாங்க, நானே வாங்குனேன்னுட்டேன். உங்க பேரு இன்னாத்துக்கு?”

விசாரணைப் படிவத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி, அவருக்கு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள். நான் ஆலைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

“வெளியாள் பேரு எழுத இதுல கட்டமே இல்லையே சார்” என்றார் புதிய அதிகாரி.

அந்தப் படிவத்தைத் தயாரித்தவனும் நான்தான். தவறு செய்தவர் என்ற இடத்தில், தொழிலாளியின் பெயருக்கு மட்டும் கட்டம் போட்டிருந்தேன்.