இரண்டு வாசல்கள்

சாத்தான்குளம் சாலையில் பையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தேன். "ஏலே, கருகவிட்டவன் இனிமே கல்லுப் பக்கம் வரக் கூடாது" என்று ஓட்டல் மாஸ்டர் நாலு பேர் முன்னால் சொன்னதற்காக வேலையை விட்டாகிவிட்டது. பரோட்டா கருகியது உண்மைதான். இப்படி நான் விட்டு வந்த ஏழாவது ஓட்டல் அது.

வழியில் ஒரு சர்ச்சில் ஞாயிறு ஆராதனை மணி அடித்தது. எங்கள் ஊர் மணியைப் போலவே கீறல் விழுந்த சத்தம்.

அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறுகளில் அப்பா பாவ அறிக்கை வரை முழங்காலில் இருப்பார். போதகர் அப்பத்தைக் கையில் எடுத்ததும் வடக்கு வாசல் வழியாக வெளியேறுவார். அவர் வேட்டியின் பாச்சா உருண்டை வாசனை என்னைக் கடந்து போகும். பெரியப்பா தெற்கு வாசல் வழியாகப் போவார். சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பந்தியில் பெரியப்பா கறி வாளியோடு அப்பாவின் இலையைத் தாண்டிப் போய்விட்டாராம், அதிலிருந்து பேச்சில்லை. சகோதரனோடு சமாதானமாகாதவன் திருவிருந்து எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் அத்தனை கண்டிப்பு.

"ஒரு வார்த்த பேசினா என்ன? இன்னும் எத்தன வருசம் வெளிய நிப்பிய?" என்பாள் அம்மா.

"அண்ணன் வந்து கேக்கட்டும்."

பெரியப்பா செத்த பிறகும் அப்பா வெளியேதான் நின்றார். சமாதானம் செய்துகொள்ள ஆளில்லையே. நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. அந்த எரிச்சலோடுதான் நானும் எட்டாவது ஓட்டலைத் தேடி நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மாஸ்டர் முன்னால் போய் நின்றேன்.

"என்னலே, பஸ்ஸு கெடைக்கலியோ?"

"தப்பு என் மேலதான் மாஸ்டர்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கல்லுப் பக்கம் வராத. மாவு பெசை."

பிசைந்தேன்.