நடு இருக்கைக்காரர்

படகில் ஏறும் முன் உங்கள் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டச் சொல்வார் ஆரின் ஹால்வர்சன். ரொட்டி இருக்கலாம், பாலாடைக்கட்டி இருக்கலாம், ஃபிளாஸ்க்கில் காபிக்குப் பதிலாக வேறு ஏதாவது இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். வாழைப்பழம் இருந்தால் தீர்ந்தது. "இதக் கொண்டுபோய் கார்ல வச்சுட்டு வாங்க. இல்ல இல்ல, காரும் ஆத்தங்கரையிலதான நிக்குது. அந்தக் குப்பைத்தொட்டில போட்டுடுங்க" என்பார். வாழைப்பழம் ஏறின படகில் மீன் ஏறாது என்பது ஆல்டர் ஆற்றில் மீன்பிடிக்க ஆள் கூட்டிப்போகும் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கைதான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதை ஆரின் சிரிக்காமல் சொல்வார். ஒருமுறை ஒரு அம்மணியின் உதட்டுக் களிம்பில் வாழைப்பழ வாசனை வருகிறதென்று கைக்குட்டையை நீட்டிவிட்டார். அந்த அம்மணி கோபத்தோடு துடைத்துக்கொண்டார். அன்றைக்கு மீனும் மாட்டியது. அதிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை.

இடுப்புக்கு மேலே ஒரு ஆள், கீழே வேறொரு ஆள் என்று சொல்லும்படியான உடம்பு. முதுகும் தோளும் கதவு அகலம். கால்கள் குச்சி. வாழ்க்கையின் பெரும்பகுதியைப் படகில் உட்கார்ந்தே துடுப்புப் போட்டவருக்கு உடம்பு அப்படித்தான் வளரும். இலையுதிர் காலத்தில் சால்மன் மீனின் முட்டைகளை உப்பும் சர்க்கரையும் சிவப்புப் பொடியும் போட்டு ஊறவைத்துப் புட்டியில் அடைத்து வைப்பார். குளிர்காலம் முழுக்க அதுதான் ஸ்டீல்ஹெட் மீனுக்கு இரை. அதனால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை அவர் விரல்கள் ரோஜா நிறத்தில் இருக்கும். சர்ச்சில் அவரிடம் கைகுலுக்கியவர்கள் கோட்டில் துடைத்துக்கொள்வதை அவர் மனைவி கொலீன் பார்த்தும் பார்க்காதவள்போல் நிற்பாள். முட்டைப் புட்டிகளுக்கென்று கார் கொட்டகையில் தனியாக ஒரு ஃபிரிட்ஜ் உண்டு. அதன் பக்கமே கொலீன் போக மாட்டாள். நாற்றம் அப்படி.

மீன்களைப் பற்றி ஆரினுக்குத் தீர்மானமான கருத்துகள் இருக்கின்றன. "சால்மன் மாமனார் மாதிரிங்க. எப்ப வருவாரு, எங்க உக்காருவாருன்னு முன்னாடியே தெரியும். ஸ்டீல்ஹெட்டு கோவிச்சுக்கிட்டுப் போன மச்சான். வந்தா வருவான். வந்தவன் நிப்பானான்னு யாராலயும் சொல்ல முடியாது." மீன் மாட்டி வலைக்குள் வந்ததும் முதலில் அதன் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அங்கே இருக்கும் சின்னச் செட்டையை வெட்டியிருந்தால் அது பண்ணையில் முட்டையிலிருந்து பொரிக்கவைத்து ஆற்றில் விட்ட மீன், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வெட்டாமல் இருந்தால் ஆற்றிலேயே பிறந்தது, திரும்ப விட்டுவிட வேண்டும். விடும்போது அதன் எடையை உரக்கச் சொல்வார். எப்போதும் குறைத்துத்தான் சொல்வார். கைநீளம் இருக்கும் மீனைப் பார்த்து, "ஒரு அஞ்சு பவுண்டு தேறும்" என்பார். வாடிக்கையாளர் கொதித்துப்போவார். ஊருக்குப் போய்ப் பத்து பவுண்டு என்று சொல்வார். அடுத்த வருஷமும் வருவார்.

இந்தப் படகில் மூன்று இருக்கைகள். முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, அவை வாடிக்கையாளர்களுக்கு. நடுவில் ஒன்று, துடுப்புக்காரருக்கு. தூண்டில் இரை தண்ணீருக்குள் ஆடிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால், ஆறு இழுக்கிற இழுப்புக்கு எதிராகப் படகைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது துடுப்பின் வேலை. "தூண்டிலப் பிடிக்கிறது நீங்க. மீனப் பிடிக்கிறது நான்" என்று முன்னிருக்கைக்காரர்களின் முதுகைப் பார்த்துச் சொல்வார். நடு இருக்கையில் இன்னொருவரை அவர் உட்காரவிட்டதில்லை. வருஷா வருஷம் ஜனவரியில் தம்பி டேலோடு வரும் வெர்னா ஸ்டோக்ஸ் மட்டும் கேட்காமல் விடுவதில்லை. வெர்னா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"கேப்டன், ஒரு அஞ்சு நிமிஷம் என்கிட்டக் குடுங்க. என்ன ஆயிடப் போவுது?"

"டிரைவரம்மா, நீங்க பஸ் ஓட்டினப்ப ஏறினவங்ககிட்ட எல்லாம் ஸ்டியரிங்கக் குடுத்தீங்களா?"

அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நங்கூரம் படகின் பின்னால் தொங்கும். அதன் கயிறு ஆரினின் காலடிக்கு வந்து ஒரு மிதிகட்டையில் முடியும். மிதித்தால் நங்கூரம் இறங்கும். அதை எங்கே போடக் கூடாது என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரு பாடம் நடத்துவார். "வேகமான தண்ணில போட்டோம்னா நங்கூரம் பின்பக்கத்த அமுக்கும், ஆறு உள்ள வரும். அங்க நங்கூரம் போட்டவனுக்கு மறுநாள் பூதான் வைக்கணும்."

கோடையில் டாக்டர் அவருடைய வலது தோளைப் படம் எடுத்துப் பார்த்தார். உள்ளே தசைநார் நைந்த கயிறுபோல் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும் என்றார். கொலீனின் தங்கை அரிசோனாவில் இருக்கிறாள். அவள் தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு வருகிறது. மழையே இல்லாத ஊர். கொலீனுக்கு மூட்டுவலி. இந்த ஈரத்தில் காலையில் விரலை மடக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆனால் ஆரினிடம் ஆற்றை விடு என்று அவள் கேட்கவில்லை. சமையலறை மேஜையில் எதிரே உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஆத்துல வச்சு கை விட்டுச்சுன்னா அன்னிக்கே எங்கிட்டச் சொல்லணும். மறுநாள் இல்ல. அன்னிக்கே. படக வித்துட்டுக் கிளம்பிடலாம்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான், கொலீன்."

நவம்பரில் கை ஒருமுறை விட்டது. ஆரின் சொல்லவில்லை. அது விட்டதல்ல, துடுப்பு வழுக்கியது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். டிசம்பரில் மறுபடி வழுக்கியது. வலி மாத்திரைகளை முட்டை ஃபிரிட்ஜுக்குள் ஒளித்து வைத்தார். அதைவிடப் பத்திரமான இடம் அந்த வீட்டில் கிடையாது. அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அரிசோனாவில் காலையில் எழுந்து என்ன செய்வது என்று யோசித்தால் அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

இந்த ஜனவரியில் வெர்னாவும் டேலும் வந்த அன்று விடியும்போதே தூறல். ஆறு பச்சை நிறத்தில், மீனுக்கு ஏற்ற நிறத்தில் ஓடியது. வழக்கம்போல் கொலீன் படகை இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றுவதற்காக வண்டியை ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் சர்ச் வளைவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மதியம் வரை ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. படகு நிற்க வேண்டிய இடங்களில் நழுவிக்கொண்டே இருந்தது. டேல் முன்னிருக்கையில் தலை தொங்கத் தூங்கினார்.

"இன்னிக்கு என்ன கேப்டன், வண்டி நியூட்ரல்ல கிடக்கு?" என்றார் வெர்னா.

"மீன் கீழ எறங்கிடுச்சு. நாமளும் எறங்க வேணாமா?" என்றார் ஆரின்.

பாறைகள் இரண்டு வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்க, தண்ணீர் சீறிப் பாயும் ஒரு வேகத்துறை உண்டு. 'பல் டாக்டர்' என்பது ஆற்றுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர். அதற்குச் சற்று மேலே, ஒரு பெரிய பாறையின் நிழலில்தான் நல்ல மீன்கள் நிற்கும். அங்கே இழுத்துப் பிடித்தார் ஆரின். வெர்னாவின் தூண்டில் கம்பு திடீரென்று தண்ணீர் வரை வளைந்தது. வெள்ளியாக ஒரு மீன் எகிறி விழுந்தது. நிச்சயம் பத்து பவுண்டுக்கு மேல்.

மீன் மாட்டியதும் ஆரினின் வாய் மூடிக்கொள்ளும். படகை அசையாமல் நிறுத்துவதில்தான் மொத்த உயிரும் இருக்கும். அன்றைக்குப் படகு நிற்கவில்லை. வலது தோளில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. படகு அங்குலம் அங்குலமாகப் பல் டாக்டரை நோக்கி நழுவியது. ஒரே ஒரு நிமிஷம் கைக்கு ஓய்வு கிடைத்தால் போதும் என்று தோன்றியது அவருக்கு. கால் தானாக மிதிகட்டையை மிதித்தது.

நங்கூரம் அடியில் கவ்விக்கொண்டது. படகின் பின்பக்கம் அமுங்கியது. ஆறு உள்ளே வந்தது. குளிர்ந்த தண்ணீர் அவர் இடுப்பில் அறைந்து பூட்ஸுக்குள் இறங்கியது. விழித்துக்கொண்ட டேல், "அக்கா! அக்கா!" என்று கத்தினார். கயிற்றை இழுத்து நங்கூரத்தைத் தூக்க ஆரினின் வலது கையில் வலு இல்லை. இடது கையால் கத்தியை உருவி அறுத்தார். படகு பாய்ந்தது. வெர்னா கம்பை விடாமல் அடித்தட்டில் உட்கார்ந்துவிட்டார். பாறைப் பற்களுக்கு நடுவில் புகுந்து போக ஆரின் இரண்டு கையாலும் ஓங்கி இழுத்தார். மறுபடியும் இழுத்தார். மூன்றாவது இழுப்பில் தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஏதோ கிழிந்தது. பக்கவாட்டில் பாறை உரசிக்கொண்டு போனது. பிறகு படகு கீழே இருந்த அமைதியான மடுவில், பாதித் தண்ணீரோடு மெதுவாகச் சுற்றியது.

மீன் எப்போதோ அறுத்துக்கொண்டு போயிருந்தது. டேல் ஒரு காபிக் குவளையால் தண்ணீரை இறைத்துக்கொட்ட ஆரம்பித்தார். ஆரினின் வலது கை தொடைமேல், வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல் கிடந்தது.

"வேகத் தண்ணில நங்கூரம் போடக் கூடாதுன்னு வருஷா வருஷம் பாடம் எடுக்கிறது யாரு?" என்றார் வெர்னா.

"நாந்தான்."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"கை போயிடுச்சு, டிரைவரம்மா. ரொம்ப நாளா போயிட்டுத்தான் இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க. உங்க ரெண்டு பேரையும் மூழ்கடிக்கப் பாத்தேன்."

வெர்னா திட்டவில்லை. எழுந்து வந்து அவர் முன்னால் நின்று, "எந்திரிங்க" என்றார். ஆரின் எழுந்து, சுவரைப் பிடித்து நடக்கிறவர்போல் நகர்ந்து, முன்னிருக்கையில் உட்கார்ந்தார். தன் படகில் அந்த இடத்திலிருந்து ஆற்றை அவர் பார்த்ததே இல்லை. காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதற்கப்புறம் வேகத்துறை எதுவும் இல்லை. "முன்னாடி தள்ளாதீங்க. பின்னாடி இழுங்க. இது பஸ் இல்ல, பிரேக்க மட்டும் வச்சு ஓட்டற வண்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தார் ஆரின். வெர்னா ஒருமுறை படகைக் கரையோரப் புதருக்குள் கொண்டுபோய்ச் செருகினார். டேலின் தொப்பி கிளையில் மாட்டிக்கொண்டது. "அக்கா, லைசென்ஸக் காட்டு பாப்போம்" என்றார் டேல். ஆரினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் வலித்தது.

மழை வலுத்தது. மூவரும் மழைக்கோட்டின் தலைமூடியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சர்ச் வளைவுக்கு முன்னால் ஒரு கூழாங்கல் திட்டு வரும். அங்கே ஆரின் கையைக் காட்டினார்.

"இங்க ஓரங்கட்டுங்க. எடம் மாத்திக்கலாம்."

"எதுக்கு?"

"வளைவு தாண்டினா கொலீன் நிப்பா."

வெர்னா அவரைப் பார்த்தார். "ஒத்தக் கையால எப்பிடி?"

"இங்கேருந்து தண்ணியே கொண்டுபோய் விட்டுடும். சும்மா புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா போதும். அவளுக்குத் தெரியாது."

அது உண்மைதான். அந்த இடத்தில் ஆறு ஏரி மாதிரி கிடக்கும். வெர்னா படகைத் திட்டில் ஏற்றி நிறுத்தி, துடுப்புகளை விட்டுவிட்டு எழுந்து நின்றார். ஆரினும் எழுந்தார். நடு இருக்கை நனைந்து கிடந்தது. இடது கையால் ஒரு துடுப்பைப் பிடித்துப் பார்த்தார். வலது கையையும் தூக்கி மற்றதன்மேல் வைத்தார். விரல்கள் மடங்கின. முடியும். இன்றைக்கு முடியும். நங்கூரம் எங்கே என்று கேட்டால் பாறையில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடலாம். நாளைக் காலையில் முட்டை ஃபிரிட்ஜைத் திறந்தால் மாத்திரை இருக்கிறது.

டேல் இறைப்பதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். மழை படகின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது.

ஆரின் துடுப்பை விட்டார். "வேணாம். நீங்களே ஓட்டுங்க" என்று முன்னிருக்கைக்குத் திரும்பினார்.

படகு வளைவில் திரும்பியது. கரையில் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. கொலீன் குடையோடு இறங்கி, தண்ணீரின் விளிம்புக்கு வந்தாள். அந்தத் தூரத்தில், அந்த மழையில், தலைமூடி போட்ட மூன்று பேரில் யார் யாரென்று அவளுக்குத் தெரிய வழியில்லை. நடுவில் துடுப்புப் போடும் உருவத்தைப் பார்த்து அவள் கையை ஆட்டினாள்.

ஆரின் முன்னிருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையைத் தூக்கி, கொட்டுகிற மழையில், தலைமூடியைப் பின்னால் தள்ளி முகத்தைக் காட்டினார்.