வயிறு என்னுதுங்க, டாக்டர்

"எத்தினி வாட்டி போன?" என்று கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டார் மாமா, என் அம்மாவின் தம்பி. பதினோரு வருடமாக அயர்லாந்தில், கார்க் நகரத்தில் இருக்கிறேன். அங்கே உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள்கூடப் பதிலுக்கு நிற்பதில்லை. சிதம்பரத்தில், அண்ணன் வீட்டில், எனக்கு மறுநாள் கொலனோஸ்கோப்பி, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள் என்று அண்ணியிடம் மட்டும்தான் சொன்னேன். மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மலத்தில் இரண்டு முறை ரத்தம் பார்த்திருந்தேன். அம்மா குடல் புற்றுநோயில் போனவள். எனக்கும் அதுதானோ என்ற பயம் வயிற்றிலேயே உட்கார்ந்திருந்தது. கார்க்கில் முறை வர மாதக்கணக்காகும் போலிருந்ததால், லீவுக்கு வந்த இடத்தில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தது என் புத்தி.

இதைச் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சோதனை ஒன்றுமே இல்லை, முந்தின நாள்தான் பாடு. எனக்குக் கொடுத்த பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னார்கள். உப்புக் கரிக்கும், எலுமிச்சை வாசனை போட்டு ஏமாற்றியிருப்பார்கள். கூட இளநீர், பாலில்லாத டீ, அவ்வளவுதான். மாமாவோ அண்ணாகிராமத்திலிருந்து பலாப்பழத்தோடு வந்திருந்தார். "ரெண்டு சொளதான, ஒண்ணும் ஆவாது. வெறும் வயித்தோட கெடந்தா மயக்கம்தான் ஜாஸ்தியாவும்" என்றார். அண்ணி தன் பங்குக்கு இட்லி கொண்டுவந்தாள். வேண்டாம் என்று கத்தினேன். பசியில் கத்துகிறேன் என்று தட்டில் இன்னொரு இட்லி விழுந்தது. மறுநாள் காலை மீதிப் பவுடர் தண்ணீரையும் குடித்துவிட்டு, அண்ணன் ஓட்ட, கடலூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கிளம்பியது அடுத்த முட்டாள்தனம். ஆலப்பாக்கம் வருவதற்குள் ஒரு பெட்ரோல் பங்கில் இறங்கி ஓடினேன். திரும்பி வந்தால், "இன்னுமா வருது?" என்கிறார் முன்சீட்டிலிருந்த மாமா.

ஆஸ்பத்திரியில் இடப்பக்கமாகப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, ஊசி போட்டார்கள். அடுத்து எனக்குத் தெரிந்தது, எல்லாம் முடிந்து கண் திறந்ததுதான். வயிறு காற்றடைத்து உப்பியிருந்தது. "வெக்கப்படாம காத்த வுட்டுடுங்கக்கா, எல்லாரும் வுடுவாங்க" என்றாள் நர்ஸ். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் அண்ணனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே வந்தான். "ஒண்ணுமில்ல பாப்பா, சூடு" என்றான். ஃபைலைக் கேட்டேன். "எங்கிட்டயே இருக்கட்டும்" என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

கார்க்கில் ஒருமுறை என் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு என் கணவர் கிளினிக்குக்குப் போன் செய்தார். நான் அவளுடைய கணவன் என்றார். ரொம்பச் சந்தோஷம், உங்கள் மனைவியையே கூப்பிடச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாள் அந்தப் பெண். புருஷனுக்குக்கூடச் சொல்லாத ஊர் என்ன ஊர் என்று இருவரும் அன்றைக்குத் திட்டித் தீர்த்தோம். இப்போது அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அண்ணனின் "ஒண்ணுமில்ல" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதை அவனோடு சேர்ந்து தயாரித்தவள் நான். அம்மாவின் ரிப்போர்ட் வந்த அன்று அவன் எனக்குப் போன் செய்தான். அம்மாவிடம் அல்சர் என்று சொல்லிவிடலாம் என்றது நான்தான். கீமோவை குளுக்கோஸ் என்றோம். "ஏன் பாப்பா, அல்சருக்கு முடி கொட்டுமா?" என்று அம்மா வீடியோவில் கேட்டாள். "மருந்து சூடும்மா" என்றேன். சரி என்று தலையாட்டினாள். அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

கையில் குத்திய ஊசியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். "சார்கிட்ட சொல்லிட்டனேம்மா" என்றார்.

"வயிறு என்னுதுங்க, டாக்டர்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நோயாளியே வந்து கேட்டதில் ஆச்சரியம்தான் பட்டார். பாலிப் என்று குடலின் உட்புறத்தில் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கிறது, எடுத்தாகிவிட்டது, டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரப் பத்து நாளாகும் என்றார். "நீங்க பயந்துக்குவீங்கன்னு சார்தான் சொல்ல வேணான்னாரு." அண்ணன் பின்னால் வந்து நின்றிருந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாளில் நான் கார்க் திரும்பியிருந்தேன். அண்ணன் போன் செய்தான். "நல்ல ரிசல்ட் பாப்பா. கேன்சர் இல்ல."

"பேப்பர அனுப்பு."

"அம்மாகிட்ட மறைச்ச மாதிரி ஒங்கிட்ட மறைப்பனா?"

"மறைப்ப."

போனை வைத்தான். பிறகு அனுப்பினான். பெயரும் வயதும் என்னுடையவைதானா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னுடையவைதான். முடிவும் அவன் சொன்னதுதான். அழுகை வந்தது.

அதை இங்குள்ள டாக்டருக்கு அனுப்ப ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டியிருந்தது. தாய்க்கு என்ன நோய் என்று அதில் ஒரு கட்டம். அந்த வார்த்தையை ஆங்கிலத்தில், எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. யாரென்றே தெரியாத ஒருவருக்கு இந்த ஊரில் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டபோது தமிழில் எனக்கு வாய் வரவில்லை.