பட்டியலில் இல்லாத தொழில்

லிஃப்ட் மெக்கானிக்குகள் மத்தியில் அவருக்கு ‘மேல்கீழ்’ என்று பெயர். எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும், “மேலயும் கீழயுமா போயிட்டிருக்கு, நடுவுல நிக்காம இருந்தா சரி” என்பார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பதில்தான். ஆனாலும் அதைச் சொல்ல வைப்பதற்காகவே சக ஊழியர்கள் தினமும் நலம் விசாரிப்பார்கள். மைத்துனன் செத்த பிறகு யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

மைத்துனன் அவர் மனைவியின் ஒரே தம்பி. படிப்பு ஏறாமல் வீட்டில் சும்மா கிடந்தவன். “உங்க கூடவாவது கூட்டிட்டுப் போங்களேன், ஒரு தொழில் கத்துக்கட்டும்” என்று மனைவிதான் சொன்னாள். அவர் கம்பெனியில் பேசிச் சேர்த்துவிட்டார். கம்பெனி அவனுக்கு ஒரு சட்டையும் ஒரு கருவிப் பையும் கொடுத்தது. கொஞ்ச நாள் மாமாவின் பின்னால் சுற்றினான். அப்புறம் ஆள் பற்றவில்லை என்று அவனைத் தனியாக வேறு பக்கம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று வேலை செய்துகொண்டிருந்தான். கூரைமேல் கால் வைப்பதற்கு முன், கூண்டு நகராதபடி ஒரு சுவிட்சைப் போட வேண்டும். அவன் போடவில்லை. மேல்மாடியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள். கூண்டு ஏறியது, அதற்கு ஈடாகத் தொங்கும் எதிரெடை இறங்கியது. அவன் கூரை விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரேக்கைக் கையால் தளர்த்திக் கூண்டை அங்குலம் அங்குலமாக நகர்த்தினால்தான், இரண்டுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தவனை வெளியே எடுக்க முடியும். அதைச் செய்யத் தெரிந்தவர்களில் அன்று கைக்குக் கிடைத்தவர் அவர் ஒருவர்தான். செய்தார். கீழே வந்து கைகழுவினார். பிறகு வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் தன்னிடம் அழுவார், மன்னிப்புக் கேட்பார் என்றெல்லாம் மனைவி காத்திருந்தாள். அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு வைப்பாள், எடுப்பாள். ஒருநாள் தட்டைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

“ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். லிஃப்ட் வேலைக்கு.”

“என் தம்பிக்கு நினைவுச்சின்னமா?”

“இல்ல. அவன மாதிரி இன்னும் பல பேரை அனுப்பிட்டிருக்காங்க.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தொழிற்பயிற்சிப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. அங்கே இருந்த அதிகாரி, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற ரகம். நல்ல மனுஷி. இவர் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.

“ஃபிட்டர் இருக்கு, பிளம்பர் இருக்கு, அழகுக்கலை இருக்கு, ஏசி மெக்கானிக் இருக்கு. லிஃப்ட் இல்லையே சார்.”

“நீங்க இந்த மாடிக்கு எதுல வந்தீங்க மேடம்?”

“படியிலதான். லிஃப்ட்டு ரிப்பேர்.”

இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். துக்கத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். சிரித்ததற்காக வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

புதிதாக ஒரு தொழிலைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு குழு கூட வேண்டும், அதற்கு மேல் இன்னொரு குழு கூட வேண்டும் என்று அதிகாரி விளக்கினார். “நான் ரிட்டையர் ஆகறதுக்குள்ள நடக்காது. ஒண்ணு செய்யுங்க. எலக்ட்ரீஷியன் தொழிலுக்கு விண்ணப்பம் போடுங்க. அது சீக்கிரம் கிடைக்கும். உள்ள நீங்க கூடக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தா யார் வேணாம்னு சொல்லப்போறா?”

அவர் அப்படியே எலக்ட்ரீஷியனுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கம்பெனி வேலையை விட்டார். ஊரின் ஓரத்தில் காலியாகக் கிடந்த ஒரு மரச்சாமான் கிடங்கை வாடகைக்குப் பிடித்தார். அதன்பின் ஆள்மாற்றி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தீயணைப்புக்காரர், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றார். நகராட்சிக்காரர், தெருவை மறித்துக் கதவு திறக்கக் கூடாது என்றார். இரண்டு பேர் சொன்னதும் சட்டம்தான். கடைசியில் சுவரை இடித்து, கதவை உள்ளே தள்ளி வைத்து, இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினார். கழிப்பறை ஜன்னல் ஒரு சாண் தாழ்வாக இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். அதையும் உயர்த்தினார்.

கிடங்குக்குப் பின்னால் திறந்த வெளி இருந்தது. அங்கே பழைய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்று மாடி உயரத்துக்கு இரும்பில் ஒரு சட்டகம் எழுப்பினார். இடிக்கப்பட்ட ஓட்டல் ஒன்றிலிருந்து கழற்றிய கூண்டு, எதிரெடை, கம்பிக்கயிறு, பொத்தான்கள் எல்லாம் அதில் ஏறின. சுற்றிலும் சுவர் இல்லாததால் லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்பதை வெளியே நின்றே பார்க்கலாம். அவர் சொல்லிக் கொடுக்க நினைத்ததெல்லாம் அந்தச் சட்டகத்தில்தான் இருந்தது. கிடங்கும் கழிப்பறையும் அரசாங்கத்துக்காகக் கட்டியவை.

ஒருநாள் மனைவி எல்லோருக்கும் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குமுன் அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. டீயைக் கொடுத்துவிட்டு, கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தாள்.

“அவன் எங்க நின்னிருந்தான்?”

நண்பர்கள் டம்ளரோடு நழுவிவிட்டார்கள். அவர் ஏணியில் ஏறிக் கூண்டின் கூரைமேல் போய், மைத்துனன் நின்ற மூலையில், அவன் நின்ற விதமாகவே, தலையை வெளியே நீட்டி நின்றார்.

“எப்படி நின்னிருக்கணும்?”

அவர் சுவிட்சைப் போட்டார். நடுவுக்கு வந்தார். கையையும் தலையையும் கூரையின் விளிம்புக்குள் வைத்துக்கொண்டு குந்தினார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“இதைச் சொல்லிக் கொடுக்க எத்தனை நாளாகும்?”

“ஒரு காலைப்பொழுது போதும்.”

அவள் சட்டகத்தின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். அவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவளும் கூடப் போனாள்.

அங்கீகாரத்துக்கு முன் நடக்கும் ஆய்வுக்கு மூன்று பேர் வந்தார்கள். அந்த அதிகாரியும் அதில் ஒருவர். வகுப்பறையை அளந்தார்கள், மோட்டார்களை ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாம் திருப்தி. பிறகு பின்கதவைத் திறந்தார்கள்.

“இது என்ன சார்? பிளான்ல இல்லையே” என்றார் அதிகாரி.

“இதுக்காகத்தான் மேடம் மத்ததெல்லாம்.”

“மாணவர் யாராவது விழுந்தா?”

“விழாம இருக்கத்தான் சொல்லிக் கொடுக்கப் போறேன்.”

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். எலக்ட்ரீஷியன் பள்ளியில மூணு மாடிக்கு ஏன் பிள்ளைகளை ஏத்தினீங்கன்னு நாளைக்குக் கேட்டா, நான் என்ன பதில் சொல்றது?” அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இதைப் பிரிச்சிட்டு ஒரு போட்டோ அனுப்புங்க. ஃபைலை நகர்த்திடறேன். இல்லைன்னா அடுத்த வருஷம் முதல்ல இருந்து வரணும்.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சட்டகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிரிச்சிடுங்க. பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருந்தாத்தானே எதையாவது சொல்லிக் கொடுக்க முடியும்” என்றாள்.

எழுப்பிய கையாலேயே பிரித்தார். காலி இடத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அங்கீகாரம் வந்தது.

முதல் பேட்ச்சில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலை பார்த்துக் களைத்தவர்கள். வீடு வீடாகப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இருந்தாள். முதலாளிகளை எல்லாம் முகத்துக்கு நேரே கிண்டல் அடித்தே வேலையிழந்தவள். அவர் பாடத்திட்டப்படி வீட்டு வயரிங்கும் மோட்டாரும் நடத்துவார். நேரம் மிஞ்சினால் தரையில் சாக்பீஸால் கூண்டின் கூரை அளவுக்குக் கட்டம் போட்டு, அதற்குள் அவர்களை நிற்க வைப்பார்.

“இந்தக் கோட்டைத் தாண்டினா செத்தீங்க” என்பார்.

“நான் இன்னிக்கு மட்டும் நாலு தடவை செத்துட்டேன் சார். லீவு தருவீங்களா?” என்பாள் பார்சல் பெண். எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்கும் புரிந்துதான் இருந்தது: சாக்பீஸ் கோட்டுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

அந்த பேட்ச் தேறி வெளியே வந்ததும் அவருடைய பழைய கம்பெனியே ஆள் கேட்டு வந்தது. பார்சல் பெண் உட்பட நான்கு பேரை எடுத்துக்கொண்டது. என்ன வேலை என்று விசாரித்தார். லிஃப்ட் பராமரிப்பு என்றார்கள். நேரே மேனேஜரிடம் போனார்.

“அவங்க எலக்ட்ரீஷியன் சார். லிஃப்ட் ஓடுற குழிக்குள்ள கால் வச்சதே இல்ல.”

“ஏன் சார் அப்படிச் சொல்றீங்க? அரசாங்க அங்கீகாரம் உள்ள சான்றிதழ். கீழ உங்க கையெழுத்து. இனிமே பயிற்சி இல்லாத ஆளை அனுப்பறோம்னு எங்களை யாரும் குத்தம் சொல்ல முடியாது பாருங்க” என்று மேனேஜர் கைகுலுக்கினார். உண்மையிலேயே நன்றியோடுதான் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோடு சாய்ந்து நின்றார். “முன்ன வெறும் ஆளா அனுப்பினாங்க. இப்போ என் கையெழுத்தோட அனுப்பறாங்க” என்றார்.

நான்கு பேரையும் கூப்பிட்டு, அந்த வேலை வேண்டாம் என்றார். “வேற வேலை இருந்தா சொல்லுங்க சார், நாளைக்கே விட்டுடறோம்” என்றாள் பார்சல் பெண். இந்தத் தடவை அவள் கிண்டல் செய்யவில்லை. அவரிடம் வேறு வேலை இல்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில், தெரிந்த காவலாளி ஒருவர் காவல் காத்த அலுவலகக் கட்டடத்தில், நிஜமான லிஃப்ட்டில், நிஜமான கூரையில் அவர்களை ஏற்றிக் கற்றுக்கொடுத்தார். மனைவி கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொத்தானை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டாள். இரண்டாம் பேட்ச் மாணவர்களும் வர ஆரம்பித்தார்கள். எப்படியோ விஷயம் வெளியே போய், அனுமதி இல்லாத வகுப்பு நடத்துகிறார்கள் என்று யாரோ புகார் எழுதிவிட்டார்கள்.

விசாரணை அதே நான்காம் மாடியில் நடந்தது. அதிகாரி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“நடத்தலைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. இனிமேலும் நடத்த மாட்டேன்னு ஒரு வரி. நான் இதை மூடிடறேன்.”

இவர் பேனாவைக் கையில் எடுத்தார். எழுதவில்லை. பள்ளியில் அப்போது இரண்டாம் பேட்ச் பாதிப் படிப்பில் இருந்தது. அவர்களை நினைத்து எழுதிவிடலாமா என்று அவர் தவித்தது முகத்திலேயே தெரிந்தது.

“நடத்தினோம்னே எழுதிக்கோங்கம்மா. இல்லைன்னு எழுதிட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தப் பிள்ளைங்க வீட்டுக்கு நாங்க எந்த முகத்தோட போறது?” என்றாள் மனைவி.

அதிகாரி தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, எழுதினார்.

அங்கீகாரம் ரத்தானது. மாணவர்களை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். அது தொலைவில் இருந்தது. பலர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். அதில் ஒருவனின் அப்பா கிடங்கு வாசலுக்கு வந்து, “உங்களை நம்பித்தானே சார் விட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். காவலாளிக்கும் வேலை போனது. கிடங்கில் இப்போது பிளைவுட் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் லிஃப்ட்டைச் சேர்க்கச் சொல்லி அதிகாரி ஓய்வு பெறும் முன் ஒரு பரிந்துரை அனுப்பினார் என்று கேள்வி. பதில் வந்ததாகத் தெரியவில்லை.

அவர் சின்னக் கம்பெனி ஒன்றில் மறுபடி மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டார். பார்சல் பெண்ணும் மற்ற மூவரும் பழைய கம்பெனியிலேயே இருக்கிறார்கள். கூரைமேல் ஏறும் முன் அவருக்குப் போன் செய்வது வழக்கமாகிவிட்டது. அவர் வேலையில் இருந்தால் போன் மனைவிக்குப் போகும். அவளுக்கு இப்போது எல்லாம் மனப்பாடம். சுவிட்ச் போட்டாச்சா, நடுவுல நிக்கறியா, தலை உள்ள இருக்கா என்று வரிசையாகக் கேட்பாள். குழிக்குள் சிக்னல் நிற்காது. பேச்சு பாதியில் அறுந்துவிடும். வேலை முடிந்து மறுபடி மணி அடிக்கும்வரை அவள் போனைக் கீழே வைப்பதில்லை.