ஒரு சொம்புத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் குழாய் வேலைக்காரர். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்தில் அவர் மட்டும் மூக்கை நீட்டுவார். கழிவறைக்கு ஒரு குழாய், குளிக்கிற தண்ணீருக்கு ஒன்று, மழைத்தண்ணீருக்கு ஒன்று. சுவரைத் தட்டியே எது எதுவென்று சொல்லிவிடுவார். எங்காவது ஒன்றோடொன்று சேர்த்துவிட்டிருந்தால், கட்டினவனின் பரம்பரையையே இழுப்பார்.

எந்த வீட்டுக்குப் போனாலும், கிளம்பும்போது குளியலறைத் தரைச் சல்லடையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாமல் வரமாட்டார். சல்லடைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கதவு. காய்ந்தால் சாக்கடை நாற்றமும் சத்தமும் வீட்டுக்குள் வந்துவிடும்.

என் நாத்தனாரின் கணவர் இறந்து ஆறு மாதம். அவர் குளித்த அறையை நாத்தனார் பூட்டியே வைத்திருந்தார். தினமும் காலை ஆறு மணிக்கு உள்ளே அவர் இருமுகிறார் என்றார். அவர்கள் மகனோ, "அம்மாவுக்கு மூளை கொழம்பிடுச்சு மாமா. அடுத்த வாரம் முதியோர் ஹோம்ல சேத்துடறேன்" என்றான்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் போய் நின்றோம். ஆறு மணி. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருமல். இரண்டு நீளமாக, ஒன்று கட்டையாக. அசல் அவர் இருமலேதான்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்து சல்லடையைத் தூக்கினார். வளைவு காய்ந்து கிடந்தது. மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். மேல்வீட்டுப் பெரியவரின் வாஷ்பேசினுக்கு வளைவே இல்லை, இந்தச் சல்லடைக் குழாயிலேயே வந்து சேரும் நேர்க்குழாய். அவர் இருமினால் இங்கே கேட்கும்.

தன் அக்காவை ஹோமுக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பதற்றத்தில், வீட்டுக்காரர் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் தண்ணீரை ஊற்றிவிட்டார். "மேல்வீட்டுக்காரர் இருமல்க்கா. இனிமே வராது."

மகனும் ஹோம் பேச்சை விட்டான். மறுநாள் நாத்தனார் போன் செய்தார்.

"தம்பி, இன்னிக்கு அவர் வரலடா."

வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. "ஏற்கெனவே போன மாமாவை இன்னொரு தடவ நானே அனுப்பிட்டேன்டி" என்று அழுதார்.

ஒரு வாரம் கழித்து நாத்தனார் மெதுவாகக் கேட்டார். "அந்தத் தண்ணி எத்தன நாள்ல காயும்?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஒரு மாசம் ஆகும்க்கா. வெயில் காலம்னா சீக்கிரம்."

அறை மறுபடி பூட்டப்பட்டது. மகனிடம் நாத்தனார் மூச்சு விடவில்லை.

நேற்று கொளுத்தும் வெயிலில் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார். "தண்ணி ஊத்தினீங்களா?" என்றேன்.

"ரூம் பூட்டியிருந்துச்சு" என்றார்.

சாவி எப்போதும் அந்தக் கதவிலேயேதான் தொங்கும்.